கைப்பிடி இல்லாத ஜன்னல்கள்

எல்கேயை எங்கள் தெருவில் தெரியாதவர்கள் கிடையாது. நகராட்சி நீச்சல் குளத்தில் டிக்கெட் கொடுக்கிறவள். வெளியே பனி கொட்டும்போதுகூட அந்தக் கண்ணாடிக் கூண்டுக்குள் அரைக்கைச் சட்டையோடு வெந்துகொண்டிருப்பாள். நாள் முழுக்க குளோரின் புழுக்கத்தை மூச்சிழுத்துவிட்டு வருகிறவளுக்கு, வீட்டுக்குள் கால் வைத்ததும் முதல் வேலை ஜன்னலைத் திறப்பது. கோட்டைக் கழற்றுவதெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

இதில் அவளைக் குறை சொல்லவும் முடியாது. ஜெர்மனியில் காசெல் பக்கத்தில், அதுவும் எங்கள் தெருவில், காலையில் எல்லா ஜன்னலையும் விரியத் திறந்து மெத்தைப் போர்வையை விளிம்பில் தொங்கப்போடாத வீட்டுக்காரியை யாரும் மதிக்க மாட்டார்கள். “அவ வீட்ல காத்தாட விடறதே இல்ல” என்று ஒரு வார்த்தை போதும், ஒருத்தியின் மானத்தை வாங்க. எல்கேயின் அம்மாவோ இந்த விஷயத்தில் பக்திக்காரி. அந்த அம்மாவின் தங்கை காசநோயில் செத்தது மூடிய அறையில். குளிர் ஆகாது என்று சொல்லி, ஜன்னல் சந்தில் துணியைத் திணித்து வைத்திருந்தார்களாம். அந்தக் கதையைக் கேட்டே வளர்ந்தவள் எல்கே. மூடின ஜன்னலைக் கண்டால் அவளுக்கு நெஞ்சை அடைக்கும். நிஜமாகவே அடைக்கும், நடிப்பு கிடையாது.

அப்படிப்பட்டவள் போயும் போயும் ஹார்ட்முட்டைக் கட்டிக்கொண்டாள்.

ஹார்ட்முட் ரயில்வேயில் மின்வேலை பார்த்தவன். உலகச் சண்டை முடிந்து, ஜெர்மனி இழந்த கிழக்குப் பகுதியிலிருந்து துரத்திவிடப்பட்ட குடும்பம். எட்டு வயது வரை அகதி முகாமின் மரக்கொட்டகையில்தான் கிடந்தான். ஐந்து பிள்ளைகளுக்கு ஒரே படுக்கை, பலகைச் சந்து வழியாகப் போர்வையின் மேல் பனி விழும். பெரியவனாகி, அடுப்பு உள்ள ஒரு அறை தனக்கென்று கிடைத்தபோது அதன் சூட்டில் ஒரு துளியையும் யாருக்கும் விட்டுத்தருவதில்லை என்று முடிவெடுத்தவன். எல்கே ஜன்னலைத் திறந்தால் அவன் பின்னாலேயே போய் மூடுவான். மூடும்போது ஒரே வசனம்: “தெருவையா சூடு பண்றோம்?” முப்பது வருஷத்துக்கும் மேல் அந்த வசனத்தைக் கேட்டுக் கேட்டு, அவன் வாயைத் திறக்கும் முன்பே அவளுக்குப் பல்லைக் கடிக்கத் தோன்றும்.

வீடு எல்கேயின் அப்பா கட்டியது. சுவர் கனமில்லை, ஜன்னல் சட்டங்கள் காற்றடித்தால் கடகடவென்று ஆடும். ஆனால் ஒன்று, அந்த வீட்டில் பூசணம் என்று ஒரு பொட்டுக்கூட வந்தது கிடையாது. ஓட்டை வழியாக வீடு தானாகவே மூச்சுவிட்டுக்கொண்டிருந்தது. ஹார்ட்முட் ஓய்வு பெற்றான், கை சும்மா இருக்குமா? சுவருக்கு வெளியே ஒரு சாண் கனத்துக்கு, சூட்டை வெளியே விடாத பஞ்சுப் பலகை ஒட்டினான். மூன்று அடுக்குக் கண்ணாடி ஜன்னல் போட்டான். ஒரு சந்து விடாமல் அடைத்தான். அந்தக் குளிர்காலமே படுக்கையறை அலமாரிக்குப் பின்னால் சுவர் கறுத்தது.

“நீ காத்தாட விட்ட லட்சணம்” என்றான் அவன்.

“நீ வீட்ட ஜாடியில போட்டு மூடின லட்சணம்” என்றாள் அவள்.

அவள் சொன்னதுதான் சரி. அதை அவனும் அறிவான். அதனால்தான் கடைகடையாக ஏறி இறங்கி, சூட்டை விடாமல் காற்றை மட்டும் மாற்றித்தரும் இயந்திரம் எது என்று விசாரித்தான். மூன்று வழி சொன்னார்கள். ஒன்று, மாடிக்கு மேலே பரணில் ஒரு பெரிய பெட்டியை வைத்து, அங்கிருந்து அறைக்கு அறை குழாய் இறக்குவது. இரண்டாவது, அறைக்கு ஒன்றாகத் தனிப் பெட்டி. ஒரே பெட்டியில் உள்ளே வர ஒரு வழி, வெளியே போக ஒரு வழி. மூன்றாவது, ஜோடிக் குழாய்கள். இரண்டு அறைகளின் வெளிச்சுவரில் அறைக்கொரு ஓட்டை, ஒவ்வொன்றிலும் ஒரு மின்விசிறி, அதன் பின்னால் தேன்கூடு மாதிரி துளைபோட்ட பீங்கான் கல். வெளியே போகிற காற்று தன் சூட்டை அந்தக் கல்லிடம் கொடுத்துவிட்டுப் போகும், திரும்பி வருகிற காற்று அதை வாங்கிக்கொண்டு உள்ளே வரும். இந்த அறைக் குழாய் ஊதும்போது அந்த அறைக் குழாய் இழுக்கும். ஒரு நிமிஷம் கழித்து மாற்றிக்கொள்ளும். நடுவில் காற்று கதவுக்கடிச் சந்து வழியாகப் போய்வர வேண்டும்.

பழைய வீட்டுக்குப் பரண் பெட்டிதான் நல்லது என்று கடைக்காரன் தலையால் அடித்துக்கொண்டான். ஹார்ட்முட் கேட்கவில்லை. ஏனென்றால் பரணில் அவனுடைய சாசேஜ் தொங்குகிறது. பன்றிக்கறியில் பூண்டு சேர்த்துக் குடலில் அடைத்துச் செய்கிற எங்கள் பக்கத்துச் சாசேஜுக்குப் பெயரே ‘பழைய சாசேஜ்’தான், குளிர்ந்த பரணில் மாசக்கணக்கில் தொங்கினால்தான் அதற்கு ருசி. அந்த இடத்தில் பெட்டியை வைக்க முடியாதாம். அறைக்கு ஒரு பெட்டி என்றால் செலவு எகிறுமாம். ஆக, சாசேஜுக்காக ஒருத்தன் ஜோடிக் குழாயைத் தேர்ந்தெடுத்தான். ஒரு குழாய் அவர்களுடைய படுக்கையறையில், அதன் ஜோடி எதிரே மகள் மெர்லேயின் பழைய அறையில். கதவுகளின் அடியை விரல்கனம் இழைத்து, சந்தும் விட்டான்.

எல்லாம் முடித்துச் சுவிட்சைப் போட்டுவிட்டு அவளைக் கூப்பிட்டான். “இனிமே உனக்குக் காத்து, எனக்குச் சூடு. சண்டை ஓஞ்சுது.”

அவன் அதைச் சொன்ன விதத்தில் கொஞ்சம் பிரியம் இருந்தது என்று மெர்லே இன்றைக்கும் சாதிப்பாள். எல்கேயின் காதில் அது ஏறவில்லை. குழாயின் முன்னால் உள்ளங்கையைக் காட்டிப் பார்த்தாள்.

“இதுக்குப் பேர் காத்தா? காத்துன்னா மூஞ்சில அறையணும். இது தூங்கறவன் மூச்சு மாதிரி இருக்கு.”

சொல்லிவிட்டு ஜன்னலைத் திறந்தாள். மறுநாளும் திறந்தாள். இயந்திரம் ஒருபக்கம் சூட்டைச் சேர்த்து வைக்க, இவள் மறுபக்கம் வாரி இறைத்தாள். அவன் மூடினான், இவள் திறந்தாள். டிசம்பரில் ஒருநாள் வேலை விட்டு வந்து, கோட்டோடு போய் ஜன்னலில் கை வைத்தால், கைப்பிடி இருந்த இடத்தில் ஒரு சதுர ஓட்டை. அடுத்த அறையிலும் அப்படியே. வீடு முழுக்க ஒரு ஜன்னலில்கூடக் கைப்பிடி இல்லை.

“எங்கே அதெல்லாம்?”

“என் பெட்டியில.” ஹார்ட்முட் செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்கவில்லை. “இந்த வீட்டுக்கு இனிமே ஜன்னல் திறக்கிற வேலை கிடையாது. மெஷின் பாத்துக்கும்.”

“இது எங்கப்பா கட்டின வீடு.”

“உங்கப்பா கட்டின வீட்டுக்குள்ள காத்து வந்துச்சு, மழை வந்துச்சு, எலி வந்துச்சு. இப்ப இருக்கறது நான் கட்டினது.”

எல்கே போட்டிருந்த கோட்டோடு திரும்பிக் கடைத்தெருவுக்குப் போய், இரும்புக்கடையில் ஒரு ஜன்னல் கைப்பிடி வாங்கி வந்தாள். ஒன்றே ஒன்று. எல்லா ஜன்னலின் ஓட்டையும் ஒரே அளவுதானே. அன்றிலிருந்து அது அவளுடைய ஏப்ரன் பையில் இருந்தது. ஒரு ஜன்னலில் செருகித் திறப்பாள், மூடியதும் பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டு அடுத்த அறைக்குப் போவாள். வாங்கி வந்த அன்று சாயங்காலமே அவனிடம் பிரிந்துபோவதாகச் சொல்லிவிட்டாள்.

“ஒரு கைப்பிடிக்காகவா?” என்று தெருவில் கேட்காதவர்கள் இல்லை. கேட்டவர்களை அவள் பார்த்த பார்வையில் இரண்டாம் முறை யாரும் கேட்கவில்லை. சொந்த வீட்டில் ஒருத்தியின் மூச்சுக்குப் பூட்டுப் போட்டவனை வேறு என்ன செய்வது? எனக்கென்னவோ அவள் அதைப் பத்து வருஷம் முன்னாலேயே செய்திருக்கலாம் என்றுதான் தோன்றுகிறது.

இங்கே விவாகரத்து வேண்டுமென்றால் முதலில் ஒரு வருஷம் பிரிந்திருக்க வேண்டும். ஒரே கூரைக்கடியிலும் பிரிந்திருக்கலாம், படுக்கையும் சாப்பாட்டு மேசையும் வேறு வேறாக இருந்தால் சரி. இரண்டு பேருடைய வக்கீல்களும் ஒரே புத்திதான் சொன்னார்கள்: யார் முதலில் வெளியே போகிறாரோ அவர் திரும்ப உள்ளே வருவது பெரும்பாடு, அதனால் என்ன ஆனாலும் வாசலைத் தாண்டாதீர்கள். அப்புறம் என்ன, இரண்டு பேரும் உடும்பாய்ப் பிடித்துக்கொண்டார்கள். அவளுக்கு அது அப்பாவின் வீடு, அவனுக்குத் தன் கையால் இழைத்த வீடு. படுக்கையறை அவளுக்கு. எதிரே மெர்லேயின் அறை அவனுக்கு. சமையலறை முறைவைத்து. குளிர்பெட்டியில் தட்டுக்குத் தட்டு ஒட்டுநாடா எல்லை.

மெர்லே ஹாம்பர்கிலிருந்து தொலைபேசியில் சிரித்தாள். “சட்டப்படி நீங்க பிரியவே இல்லம்மா. படுக்கை வேற, மேசை வேற. காத்து ஒண்ணாத்தான இருக்கு?”

“என்னடி சொல்றே?”

“அந்தக் குழாய் ஜோடிதான? அப்பா ரூம்ல இழுக்கிற காத்து கதவடியில வந்து உன் ரூம் வழியா வெளிய போகும். அப்புறம் உன்னோடது அவருக்கு. மாத்தி மாத்தி.”

எல்கேக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் கைக்கு எட்டும்படி பரணில் விட்டுவைக்க மனசில்லாமல் அவன் சாசேஜை எல்லாம் இப்போது தன் அறையில்தான் வைத்திருந்தான். கொஞ்ச நாளாகத் தன் தலையணையில் பூண்டு நாற்றம் ஏன் அடிக்கிறது என்று அவளுக்கு அப்போது விளங்கியது.  பீரோவிலிருந்து ஒரு பழைய தலையணையை எடுத்துக் குழாயின் வாயில் கையளவு உள்ளே திணித்து, மேலே ஒட்டுநாடா ஒட்டினாள். அவன் மூச்சை அவளால் இழுக்க முடியாது. அவ்வளவுதான்.

ஹார்ட்முட்டும் சும்மா இருக்கவில்லை. அவளுடைய ரேடியோ சத்தம் கதவுக்கடியில் வருகிறது என்று, தானே இழைத்துவிட்ட சந்தில் கம்பளிப் பட்டை ஒட்டினான். இவள் செய்தது அவனுக்குத் தெரியாது, அவன் செய்தது இவளுக்குத் தெரியாது. துவைத்த துணியையும் உள்ளேயேதான் காயப்போட்டான். அவன் அறை வேர்த்தது. கட்டிலுக்குப் பின்னால் சுவரில் சாம்பல் பூத்து, அப்புறம் பச்சையாகி, அப்புறம் கறுப்பாகிக் கூரைவரை ஏறியது. அவன் இருமத் தொடங்கினான்.

கைப்பிடிகள் அவன் பெட்டியில்தான் இருந்தன. ஒன்றை எடுத்து மாட்டித் திறந்திருந்தால் முடிந்தது. மாட்டவில்லை. இயந்திரம் உள்ள வீட்டில் ஜன்னலைத் திறந்தால் அவள் சொன்னது சரியென்று ஆகிவிடுமே. இந்த வீம்புக்கு மருந்து ஏது?

எதிர் அறையின் இருமல் எல்கேக்குக் கேட்டது. சந்தோஷப்பட்டாள். மறைப்பானேன், நன்றாகவே சந்தோஷப்பட்டாள்.

கடைசியில் அவனே ஒரு வீட்டுச் சோதனையாளரை வரவழைத்தான். இவள் ஜன்னலைத் திறந்து திறந்து சுவரைக் குளிரவிட்டதால்தான் பூசணம் பிடித்தது என்று எழுதி வாங்கி, அதைக் கோர்ட்டில் காட்டி, வீட்டைப் பாழாக்குகிறவள் என்று அவளை வெளியே அனுப்ப வேண்டும். அதுதான் திட்டம். வந்தவள் ஸீபர்ட் என்ற பெண்மணி. கட்டைக் கூந்தல், சேறு அப்பிய பூட்ஸ். வாசலில் வணக்கம் சொன்னதோடு சரி, வேறு உபசாரம் இல்லை. அவன் அறைக்குள் போனவள் மூக்கைப் பொத்தினாள்.

“முதல்ல ஜன்னலைத் திறங்க சார். இங்க நின்னு வேலை பார்க்க முடியாது.”

ஹார்ட்முட் அசையவில்லை. “திறக்க வேண்டிய அவசியமில்ல. காத்து மாத்தற சாதனம் இருக்கு.”

“நான் கேட்டது சாதனத்தை இல்ல. கைப்பிடி எங்க?”

நடையில் நின்று பார்த்துக்கொண்டிருந்த எல்கே ஏப்ரன் பையில் கைவிட்டாள். கைப்பிடியை எடுத்து அவன் பக்கம் நீட்டினாள். அவன் அதைப் பார்த்தான், அவள் முகத்தைப் பார்த்தான், கையைப் பின்னால் கட்டிக்கொண்டான். ஸீபர்ட் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, தானே வாங்கிப் போய் ஜன்னலைத் திறந்தாள்.

நாற்றம் கொஞ்சம் போனதும் ஜன்னலைச் சாத்திவிட்டு, பையிலிருந்து பேனா மாதிரி ஒன்றை எடுத்தாள். அழுத்தினால் நூலாகப் புகை வந்தது. அதைக் குழாயின் வாயருகே காட்டினாள், கதவடியில் காட்டினாள். புகை போக வழி தெரியாமல் அங்கேயே நின்றது. அவள் குனிந்து கம்பளிப் பட்டையை ஒரு நுனியில் பிடித்துச் சர்ரென்று கிழித்தாள். எதிர் அறைக்குப் போனாள். ஒட்டுநாடாவைப் பிரித்ததும் தலையணையின் மூலை எட்டிப் பார்த்தது.

“நல்லா இருக்கு” என்றாள் ஸீபர்ட். “இவர் மூக்கை இவங்க பொத்தியிருக்காங்க, தன் வாயை இவரே பொத்தியிருக்காரு.”

“தலகாணியா?” ஹார்ட்முட்டின் குரல் கீச்சிட்டது. “நான் பொருத்தினதுக்குள்ள தலகாணியா?”

“உன் சாசேஜ் நாத்தம் எனக்கெதுக்கு?” என்றாள் எல்கே.

“நான் வீட்டைப் பாக்க வந்தேன், உங்க ரெண்டு பேரையும் பாக்க வேற ஆளைக் கூப்பிடுங்க.” ஸீபர்ட் பேனாவை மூடினாள். “இந்த ஜோடி சமாதானமா இருக்கிறவங்களுக்கு. பேசிக்காதவங்களுக்கு அறைக்கு ஒரு தனிப் பெட்டின்னு இருக்கு, இல்ல பரண்ல ஒண்ணு. உங்களுக்கு யாரும் சொல்லலையா?”

யார் பரணைப் பற்றிப் பேசுவது? ஹார்ட்முட் இருமினான்.

படியிறங்கும்போது ஸீபர்ட் எல்கேயைத் தனியாக நிறுத்தினாள். “மேடம், அவர் நெஞ்சு நல்லா இல்ல. தலகாணிய எடுத்துட்டீங்கன்னா அறை சீக்கிரம் காஞ்சிடும், அவர் இருந்துக்கலாம். எடுக்கலைன்னா அவரால அங்க இருக்க முடியாது. உங்க இஷ்டம்.”

வீடு இப்போது ஒரு தலையணையில் வந்து நின்றது. எடுத்தால் அவன் இருப்பான். எடுக்காவிட்டால் போவான். போனால் வீடு அவளுக்கு.

அன்று சாயங்காலம் ஹார்ட்முட் அவள் கதவைத் தட்டினான். பிரிந்த நாளிலிருந்து அவன் அவள் பெயரைச் சொன்னதில்லை.

“எல்கே. அத எடுத்துடு.”

 அவள் கட்டில் விளிம்பிலிருந்து எழுந்திருக்கக்கூடப் பார்த்தாள். ஆனால் வாயில் வந்தது வேறு. “ஜன்னலைத் திறந்துக்கோ. கைப்பிடிங்க உங்கிட்டதான இருக்கு? நான் என்ன கையையா பிடிச்சேன்?”

அவன் நிலைப்படியில் கைவைத்து இருமி முடிக்கும்வரை அவள் காத்திருந்தாள்.

“திறக்க மாட்டேன்” என்றான்.

“அப்ப நானும் எடுக்க மாட்டேன்.”

ஒருத்தி கையில் தலையணை, ஒருத்தன் கையில் பெட்டி நிறையக் கைப்பிடி. இரண்டு பேருக்கும் வயது அறுபதைத் தொட்டாயிற்று. நினைத்தால் எனக்கு இன்றைக்கும் இரண்டு பேரையும் பளாரென்று அறைய வேண்டும் போலிருக்கிறது.

பிப்ரவரியில் நெஞ்சு மருத்துவர் அவன் அந்த அறையில் இனி ஒரு நாளும் படுக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார். ரயில்வே குடியிருப்பில் ஒற்றை அறை கிடைத்தது. வாடகை வண்டியில் கட்டில் ஏறியது, சாசேஜ் ஏறியது, கருவிப்பெட்டி ஏறியது. கைப்பிடிகளை அவன் திருப்பித் தரவில்லை. வாசலில் நின்று மாடியை ஒரு தரம் அண்ணாந்து பார்த்தான்.

“ஃபில்டரக் கழுவு. மறந்தா தூசி அடைச்சுக்கும்.”

அவ்வளவுதான் சொன்னான்.  வண்டி தெருமுனை திரும்பியதும் அவள் கைப்பிடியை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு ஜன்னலாகப் போய்த் திறந்தாள். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் திறந்துவைத்துக் கோட்டோடு வரவேற்பறையில் உட்கார்ந்திருந்தாள். ஜெயித்துவிட்டாள். தெருவே பார்த்தது.

அடுத்த குளிர்காலம் வீட்டைச் சூடாக்கும் எண்ணெய் லாரி பில்லோடு வந்தபோதுதான் சூடு என்பது இனி அவள் ஒருத்தியின் பாடு என்று உறைத்தது. அன்றைக்கே தலையணையைப் பிடுங்கிக் குப்பையில் போட்டாள். இரண்டு கதவடியும் திறந்திருக்க, குழாய்கள் ஒன்று ஊத ஒன்று இழுக்க மறுபடி ஓடின. எதிர் அறைச் சுவர் மெல்லக் காய்ந்தது. காலையில் எழுந்தால் கண்ணாடியில் வேர்வை இல்லை, தலை கனக்கவில்லை. நன்றாகத்தான் இருந்தது. அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. மெர்லேயிடம்கூட.

கிறிஸ்துமஸுக்கு முந்தின ஞாயிறு மெர்லே வந்திருந்தாள். அம்மா சமையலறையில் ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டிருக்க, மேசைமேல் கிடந்த கைப்பிடியை எடுத்துக்கொண்டு தன் பழைய அறைக்குப் போனாள். பூசண வாடை இன்னும் லேசாக இருந்தது. ஜன்னலை விரியத் திறந்துவிட்டு, வெளியே பனியைப் பார்த்தபடி நின்றாள். குளிர் படிவழியாக இறங்கிச் சமையலறைக்கு வந்து எல்கேயின் கணுக்காலைத் தொட்டது.

மாவுக் கையோடு அவள் படியடிக்கு வந்தாள்.

“தெருவையா சூடு பண்றோம்?”

 மெர்லே மாடிப்படியின் உச்சியில் வந்து நின்றாள். அம்மாவைப் புதிதாகப் பார்க்கிற மாதிரி பார்த்தாள்.

“இப்ப என்னம்மா சொன்னே?”

எல்கே கையை ஏப்ரனில் துடைத்துக்கொண்டு மாடியேறி, மகளைத் தாண்டி உள்ளே போனாள். ஜன்னலைச் சாத்தித் திருகி, கைப்பிடியை உருவிப் பையில் போட்டுக்கொண்டாள்.